திரை நின்றால் சர்வர் நின்றதா?

யூனிக்ஸ் சர்வரின் டெர்மினல் ஒன்றில் எதைத் தட்டினாலும் அசைவில்லை என்றால் அலுவலகத்தில் அதற்கு ஒரே பெயர்தான்: ‘ஹேங் ஆயிடுச்சு’. அந்த ஒரு பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. யாரோ தெரியாமல் திரையை நிறுத்தி வைத்திருக்கலாம், டெர்மினலின் செட்டிங் குழம்பியிருக்கலாம், கேபிளில் ஒரு கம்பி விட்டுப்போயிருக்கலாம், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் எங்கோ ஒரு டிஸ்குக்காகக் காத்துக் கிடக்கலாம். சர்வரே நின்றுபோவது இவை எல்லாவற்றையும்விட அரிது. ஆனால் பதறிய கை முதலில் போவது அந்த அரிய நோய்க்கான மருந்துக்குத்தான். அதாவது, பவர் சுவிட்சுக்கு.

ஃபைல் சர்வரில் அந்த மருந்து நோயைவிடக் கொடியது. எழுதச் சொன்னதை யூனிக்ஸ் அந்தக் கணமே டிஸ்கில் எழுதுவதில்லை. நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு, பழைய அமைப்புகளில் 30 விநாடிக்கு ஒருமுறை, மொத்தமாக இறக்கும். நடுவில் கரண்டைப் பிடுங்கினால் நின்ற ஒரு டெர்மினலுக்காக, ஓடிக்கொண்டிருந்த மற்ற எல்லோருடைய வேலையும் பாழாகும். அதனால் இந்தத் தொழிலில் தேர்ந்தவர்கள், எழுத்து எந்த இடம்வரை போய் நின்றது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

எழுத்தின் பயணத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தட்டிய எழுத்து திரையில் தெரிகிறதே, அது கீபோர்டிலிருந்து நேரே திரைக்கு வந்ததல்ல. கேபிள் வழியாகச் சர்வருக்குப் போய், அங்கே கெர்னலுக்குள் இருக்கும் டிடிஒய் டிரைவரைத் தொட்டு, அதன் எதிரொலியாகத் திரும்பி வந்தது. ஆகவே முதல் சோதனைக்கு ஒரு விநாடி போதும். எழுத்து திரையில் விழுகிறது, ஆனால் வேறெதுவும் நடக்கவில்லை என்றால் கேபிளும் டெர்மினலும் கெர்னலும் நலம், சிக்கிக்கொண்டது புரோகிராம். எழுத்தே விழவில்லை என்றால் தேட வேண்டிய பரப்பு பெரிது. விஐ போன்ற முழுத்திரைப் புரோகிராம்கள் கெர்னலின் எதிரொலியை அணைத்துவிட்டுத் தாமே எழுத்தைக் காட்டும் என்பதால் அவற்றுக்குள் இந்தச் சோதனை செல்லாது.

எழுத்து விழாத திரைகளில் பெரும்பான்மைக்குக் காரணம் கண்ட்ரோல்-எஸ். இதன் வேர் 1963-ல் வந்த டெலிடைப் மாடல் 33-ல் இருக்கிறது. விநாடிக்கு 10 எழுத்து அடிக்கும் அந்த இயந்திரத்தின் பக்கவாட்டில் துளையிட்ட காகித நாடாவைப் படிக்கும் கருவி ஒன்று உண்டு. அதை ஓடவைக்க ஒரு குறி, நிறுத்த ஒரு குறி. ஆஸ்கி அட்டவணையில் அவை 17, 19 என்ற எண்களில் உட்கார்ந்தன. கீபோர்டில் கண்ட்ரோல்-க்யூ, கண்ட்ரோல்-எஸ் ஆயின. எக்ஸ்-ஆன், எக்ஸ்-ஆஃப் என்று பெயர் பெற்றன. நாடாவும் போயிற்று, டெலிடைப்பும் போயிற்று. குறிகள் மட்டும் தங்கிவிட்டன. டெலிடைப்பின் பெயரும்தான்: யூனிக்ஸில் டெர்மினலுக்கு இன்றும் டிடிஒய் என்றே பெயர்.

கண்ணாடித் திரை வந்த பிறகும் அந்தக் குறிகளுக்கு வேலை இருந்தது. 9600 பாட் வேகத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 960 எழுத்துகள் வரும். 80 பத்தி, 24 வரி கொண்ட திரையில் மொத்தம் 1920 இடங்கள். இரண்டே விநாடியில் ஒரு பக்கம் ஓடி மறையும். படிக்க வேண்டுமென்றால் நிறுத்தத்தான் வேண்டும். 1978-ல் வந்த விடி100 டெர்மினலில் இதற்கென்றே ‘நோ ஸ்க்ரோல்’ என்று ஒரு கீ வைத்தார்கள், விடி220-ல் அது ‘ஹோல்ட் ஸ்கிரீன்’ ஆயிற்று. லினக்ஸின் எழுத்துக் கன்சோலில் ‘ஸ்க்ரோல் லாக்’ அதே வேலையைச் செய்கிறது. முழங்கை பட்டாலே போதும்.

இந்திய அலுவலகங்களில் இதற்குக் கூடுதலாக ஒரு காரணமும் இருந்தது. யூனிக்ஸ் டெர்மினலுக்கு வந்து உட்கார்ந்தவர்களில் பலர் வேர்ட்ஸ்டாரில் கை பழகியவர்கள். வேர்ட்ஸ்டாரில் கண்ட்ரோல்-எஸ் என்றால் கர்சரை ஓர் எழுத்து இடப்பக்கம் நகர்த்து என்று பொருள். விரலுக்குத் தெரிந்த அந்தப் பழக்கம் இங்கே திரையைக் கட்டிப் போட்டது. பின்னாளில் விண்டோஸில் கண்ட்ரோல்-எஸ் ‘சேவ்’ ஆனபோது இன்னொரு தலைமுறையும் அதே குழியில் விழுந்தது.

“சார், மூணாம் நம்பர் டெர்மினல் ஹேங் ஆயிடுச்சு” என்று போன் வந்ததும் “கண்ட்ரோலைப் பிடிச்சுக்கிட்டு க்யூ அழுத்துங்கம்மா” என்று சொல்லிவிடுவது எளிது. அனுபவப்பட்டவர் அதற்கு முன்னால் இன்னொன்று கேட்பார்: “நின்னதுக்கு அப்புறம் என்னென்ன அழுத்துனீங்க?” காரணம், கண்ட்ரோல்-எஸ் தடுப்பது சர்வரிலிருந்து வருவதை மட்டுமே. போவதைத் தடுப்பதில்லை. திரை நின்ற எரிச்சலில் பத்து முறை என்டர் தட்டியிருந்தால் அந்தப் பத்தும் சர்வரில் வரிசையில் காத்திருக்கும். கண்ட்ரோல்-க்யூ அழுத்திய கணத்தில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போகும். வவுச்சர் பதிவுத் திரையில் என்டர் என்றால் ‘சரி, ஏற்றுக்கொள்’ என்று பொருள் இருந்துவிட்டால், திரை உயிர்பெற்ற மகிழ்ச்சி மாலையில் கணக்கு முடிக்கும்போது தீர்ந்துவிடும்.

யாரும் எதையும் அழுத்தாமலும் இதே நிலை வரும். வரும் எழுத்துகளைக் காட்டி முடிக்க டெர்மினலால் முடியாதபோது அது தானாகவே எக்ஸ்-ஆஃப் அனுப்பும், மூச்சு வாங்கியபின் எக்ஸ்-ஆன் அனுப்பும். அந்த இரண்டாவது குறி கேபிளில் எங்காவது சிதைந்து போனால் சர்வர் காத்துக்கொண்டே இருக்கும். எஸ்டிடிஒய் கட்டளையின் ஐக்ஸ்எனி என்ற அமைப்பை இயக்கிவிட்டால் எந்தக் கீயைத் தட்டினாலும் ஓட்டம் திரும்பும். டேட்டா என்ட்ரி மேசைகளுக்கு இது ஏற்றது. ஐக்ஸ்ஆன் அமைப்பையே அணைத்துவிடுவது பார்க்கத் துணிச்சலான தீர்வு. ஆனால் மூச்சு வாங்க நேரம் கேட்கும் டெர்மினலில் அதைச் செய்தால் நடுநடுவே எழுத்துகள் காணாமல் போகும்.

கண்ட்ரோல்-க்யூவுக்கு மசியவில்லை என்றால் பக்கத்து டெர்மினலுக்குப் போக வேண்டும். ஹூ கட்டளையை -யூ சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வொரு டெர்மினலும் எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறது என்று தெரியும். புள்ளி மட்டும் இருந்தால் கடைசி நிமிடத்துக்குள் ஏதோ நடந்திருக்கிறது. டேட் கட்டளையின் விடையை, நின்றுபோன டெர்மினலின் டிவைஸ் ஃபைலுக்கே திருப்பிவிடுவது இன்னொரு நல்ல சோதனை. தேதி அந்தத் திரையில் விழுந்தால் பாதையில் பழுதில்லை. பிறகு பிஎஸ் கட்டளையால் அந்த டெர்மினலில் ஓடும் புரோகிராம்களைப் பார்த்து, சிக்கியதை நீக்கலாம். இங்கே கை உடனே கில் -9-க்குப் போவது பிழை. முதலில் -1 கொடுத்தால், லைன் துண்டிக்கப்பட்டதாக எண்ணி விஐ தன் கையிலிருக்கும் ஃபைலைப் பத்திரப்படுத்திவிட்டு வெளியேறும். பிறகு விஐ -ஆர் கொடுத்து மீட்கலாம். அதற்கு அசையாவிட்டால் 15. ஒன்பது எண் எந்தப் புரோகிராமுக்கும் சுத்தம் செய்ய நேரம் தராது. அதனால் புரோகிராம் போய்விடும், அது குழப்பி வைத்த டெர்மினல் அப்படியே இருக்கும்.

அப்படிக் குழம்பிய டெர்மினலும் ‘ஹேங்’ என்றே புகார் செய்யப்படும். தட்டுவது தெரியாது, என்டர் அழுத்தினால் ஒன்றும் நடக்காது, அல்லது தொப்பிக்குறியும் எம் எழுத்தும் மட்டும் விழும். என்டர் அனுப்பும் 13-ஐ வரிமுடிவுக் குறியான 10-ஆக மாற்றிக் கொடுக்கும் வேலையை டிரைவர் நிறுத்திவிட்டது என்பதே பொருள். என்டருக்குப் பதில் கண்ட்ரோல்-ஜே அழுத்தினால் 10 நேரடியாகப் போகும். ஆகவே கண்ட்ரோல்-ஜே, பிறகு எஸ்டிடிஒய் சேன், மறுபடி கண்ட்ரோல்-ஜே. எதுவும் திரையில் தெரியாமலே கண்ணை மூடிக்கொண்டு தட்ட வேண்டிய மந்திரம் இது. பழைய சிஸ்டம் ஃபைவ் வகைகளில் அழிக்கும் எழுத்தாக ‘#’ குறியும், வரி முழுவதையும் அழிக்க ‘@’ குறியும் இயல்பாக இருந்தன. அங்கே பேக்ஸ்பேஸ் வேலை செய்யவில்லை என்ற அடுத்த புகாருக்கும் விடை அதே எஸ்டிடிஒய்தான்.

எழுத்து ஃபைல் என்று நினைத்து புரோகிராம் ஃபைலை கேட் கட்டளைக்குக் கொடுத்தால் திரை முழுவதும் கோடுகளும் கட்டங்களுமாக நிரம்பும். உள்ளே எங்கோ இருந்த 14 என்ற குறி டெர்மினலை வேறொரு எழுத்துக் கூட்டத்துக்கு மாற்றிவிட்டது. 15 அனுப்பினால் திரும்பும். வைஸ் 50 வகை டெர்மினல்களில் எஸ்கேப் குறியைத் தொடர்ந்து ‘#’ வந்தால் கீபோர்டே பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு கண்ட்ரோல்-க்யூகூட வெளியே போகாது. இதற்குச் சுலபமான வழி டெர்மினலை மட்டும் அணைத்துப் போடுவது. சர்வருக்கு அதனால் எந்தத் தீங்கும் இல்லை. இந்த ஆறுதலுக்கு விலக்கான டெர்மினல் ஒன்று உண்டு, அது கீழே வருகிறது.

கேபிள் பழுது கண்ட்ரோல்-எஸ் போலவே வேடம் போடும். 25 பின் கனெக்டரில் 2-ம் பின்னும் 3-ம் பின்னும் எழுத்துகளைக் கொண்டுசெல்பவை, 7 பூமி. வன்பொருள் வழியாக ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பில் 5-ம் பின் ‘அனுப்பலாம்’ என்று மறுமுனைக்குச் சொல்லும். நாற்காலிச் சக்கரம் ஏறி அந்த ஒரு கம்பி விட்டுப்போனால், தட்டுவதெல்லாம் சர்வருக்குப் போய்ச் சேரும், திரைக்கு மட்டும் ஒன்றும் வராது. எல்இடி விளக்குகள் வைத்த பிரேக்அவுட் பாக்ஸைக் கேபிளின் நடுவே செருகினால் எது எரியவில்லை என்று ஒரே பார்வையில் தெரியும். அது இல்லாத இடங்களில் கனெக்டரின் மூடியைக் கழற்றி 4-ஐயும் 5-ஐயும், பிறகு 6, 8, 20 மூன்றையும் சாலிடரால் இணைத்துவிடுவார்கள். அன்றைய பிரச்சினை தீரும். அதன்பின் டெர்மினல் இருக்கிறதா இல்லையா என்பதே சர்வருக்குத் தெரியாமல் போகும் என்பது தனிக் கதை. எஸ்சிஓ யூனிக்ஸில் ஒரே போர்ட்டுக்கு டிடிஒய்1ஏ என்று இரண்டு பெயர்கள்: கடைசி எழுத்து சின்னதாக இருந்தால் மோடம் குறிகளைக் கண்டுகொள்ளாது, பெரியதாக இருந்தால் 8-ம் பின்னில் கேரியர் வரும்வரை திறக்கவே திறக்காது. இந்த ஒரு எழுத்தில் ஒரு பகல் முழுவதையும் தொலைத்தவர்கள் உண்டு.

டெர்மினலைக் கழற்றிவிட்டு நீண்ட கேபிளை மட்டும் தரையில் விட்டுவைப்பதும் ஆபத்து. பக்கத்துக் கம்பிகளின் இரைச்சலை அது இழுத்துக்கொள்ளும்; அதை யாரோ பெயர் கொடுக்கிறார்கள் என்று, லாகின் பெயர் கேட்கும் ‘கெட்டி’ புரோகிராம் எடுத்துக்கொள்ளும்; பாஸ்வேர்டு கேட்கும்; அந்தக் கேள்வியும் இரைச்சலாகத் திரும்பி வரும். ஆளில்லாத ஒரு லைன் மொத்த சர்வரையும் தள்ளாட வைக்கும். பயன்படாத போர்ட்டை டிஸேபிள் செய்துவிடுவதே முறை.

இதுவரை சொன்னவை எந்த யூனிக்ஸ் மெஷினுக்கும் பொது. ஃபைல் சர்வருக்கே உரிய நோய் என்எஃப்எஸ் வழியாக வருகிறது. 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய இந்த ஏற்பாட்டில் வேறொரு மெஷினின் டிஸ்க், சொந்த டிஸ்க் போலவே தெரியும். அந்த மெஷின் பதில் சொல்லாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு இரண்டு வழிகள். ‘ஹார்டு’ மவுண்ட் பதில் வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். ‘சாஃப்ட்’ மவுண்ட் சில முறை கேட்டுவிட்டுப் பிழை என்று புரோகிராமிடம் சொல்லிவிடும். திரை நிற்பதைத் தவிர்க்க சாஃப்ட் நல்லது என்று தோன்றும். எழுதியது போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்காத புரோகிராம்கள் உலகில் ஏராளம். அவற்றின் கையில் சாஃப்ட் மவுண்ட், சத்தமில்லாமல் ஃபைல்களைக் கெடுக்கும். நின்ற திரையைச் சரிசெய்யலாம், கெட்ட ஃபைல் கெட்டதுதான். எழுதும் டிஸ்க் என்றால் ஹார்டுதான் சரி.

அதன் விலை இது: ‘நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் டிரையிங்’ என்ற வரி வரும், புரோகிராம் அங்கேயே உறையும். தட்டும் எழுத்து திரையில் விழும், கண்ட்ரோல்-சி பலிக்காது. பிஎஸ் பட்டியலில் நிலை என்ற பத்தியில் டி என்ற எழுத்து நிற்கும். டிஸ்க் வேலையின் நடுவில் எழுப்ப முடியாத உறக்கம் அது. கில் -9-கூட வாசலில் காத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். 2008-ல் வந்த லினக்ஸ் கெர்னல் 2.6.25-க்குப் பிறகுதான் இப்படி உறைந்த என்எஃப்எஸ் வேலைகளை ஒன்பதாம் எண்ணால் கொல்ல வழி பிறந்தது.

நோயை ஆராய வந்தவரும் இதில் மாட்டிக்கொள்வது வழக்கம். டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று டிஎஃப் தட்டினால், அது எல்லா மவுண்டுகளையும் விசாரிக்கப் போய், இறந்த மவுண்டிடம் நின்றுவிடும். ஆய்வுக்கு உட்கார்ந்த டெர்மினலும் போயிற்று. உள்ளூர் டிஸ்குகளை மட்டும் கேட்கும் டிஎஃப் -எல் இதற்காகவே இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டிஎஃப் ஓட்டும் கிரான் வேலை ஒன்று இருந்துவிட்டால் காட்சி இன்னும் விநோதம். மணிக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் உறைந்த டிஎஃப்கள் குவியும். உறைந்தவற்றையும் சுமையாக எண்ணுவது லினக்ஸின் வழக்கம் என்பதால் லோடு ஆவரேஜ் நூறைத் தாண்டும், சிபியூவோ சும்மா இருக்கும். இந்த முரண்பாட்டைப் பார்த்ததுமே என்எஃப்எஸ் என்று சொல்லிவிடலாம். ரூட் பயனரின் ஹோம் டைரக்டரியும், பாத் வரிசையில் உள்ள டைரக்டரிகளும் உள்ளூர் டிஸ்கில்தான் இருக்க வேண்டும் என்ற விதி இப்படிப்பட்ட இரவுகளில் பிறந்தது.

இரண்டு ஃபைல் சர்வர்கள் ஒன்றையொன்று மவுண்ட் செய்துகொண்டிருந்தால், கரண்ட் போய் வந்ததும் இரண்டும் பூட் ஆகும் வழியிலேயே ஒன்றுக்காக மற்றது காத்து நிற்கும். மவுண்டில் பிஜி என்ற விருப்பத்தைச் சேர்த்தால் முதல் முயற்சி தோற்றதும் காத்திருப்பு பின்னணிக்குப் போகும், பூட் தொடரும். எதிர்முனை மெஷின் இனி எழப்போவதில்லை என்று உறுதியானால் பழைய கைகளிடம் ஒரு தந்திரம் உண்டு: அதன் ஐபி முகவரியை இன்னொரு என்எஃப்எஸ் மெஷினுக்குத் தற்காலிகமாகக் கொடுப்பது. கேட்ட ஃபைல் தன்னிடம் இல்லை என்று அது சொல்லும். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, ஏதோ ஒரு பதில் வந்ததே என்று உறைந்தவை விழித்துக்கொள்ளும்.

இனி அந்த விலக்கான டெர்மினல், கன்சோல். சன் சர்வர்களில் சீரியல் போர்ட்டில் மாட்டிய டெர்மினலே கன்சோலாக இருக்கும். அதன் வழியே ‘பிரேக்’ என்ற குறி வந்தால், அதாவது லைன் ஓர் எழுத்தின் காலத்தைத் தாண்டிப் பூஜ்ய நிலையிலேயே கிடந்தால், சர்வர் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவிட்டு ஓபன்பூட் நிலைக்குப் போகும். கீபோர்டு மாட்டிய மெஷின்களில் ஸ்டாப்-ஏ செய்யும் அதே வேலை. பழுதுபார்ப்பவருக்காக வைத்த வசதிதான். ஆனால் டெர்மினலை அணைத்துப் போட்டாலும் லைன் ஒரு கணம் விழுகிறது. அதையும் சர்வர் பிரேக் என்றே எடுத்துக்கொள்ளும்.

ஒரு வரைபட அலுவலகத்தில் நடந்தது இதற்கு அப்பட்டமான உதாரணம். மாலையில் சர்வர் அறையைப் பெருக்க வந்தவர் கன்சோல் டெர்மினலின் பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகினார். மேல் மாடியில் எல்லா மெஷின்களிலும் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ வரி. கீழே ஓடிவந்த புதிய ஆபரேட்டர் கன்சோலைப் பார்த்தார். அதில் இருந்தது ஒரே சொல்: ‘ஓகே’. சர்வர் நலம் என்று அதைப் படித்துவிட்டு, நெட்வொர்க் கேபிள்களை ஒன்றொன்றாக ஆட்டிப் பார்த்து ஒரு மணி நேரம் போனது. ஓபன்பூட்டின் கட்டளைக் குறிதான் அந்த ‘ஓகே’. சர்வர் முழுக்க நின்றுவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. இரண்டாவது மாடியிலிருந்து இறங்கி வந்த மூத்தவர் ‘கோ’ என்று இரண்டே எழுத்து தட்டி என்டர் அழுத்தினார். நிறுத்திய இடத்திலிருந்தே சர்வர் நடந்தது. மேலே திரைகளில் ‘ஓகே’ வரிகள் வரிசையாக விழுந்தன. இந்த முறை அது உண்மையான ஓகே. ஹார்டு மவுண்ட் என்பதால் யாருடைய வரைபடமும் ஒரு கோடுகூட இழக்கவில்லை. சொலாரிஸ் 8 முதல் பிரேக்குக்குப் பதிலாக என்டர், அலைக்குறி, கண்ட்ரோல்-பி என்ற வரிசையை ஏற்கும்படி மாற்றிவைக்க முடியும்; தவறுதலாக அது நிகழாது.

கன்சோலில் கண்ட்ரோல்-எஸ் விழுந்தால் வேறு வகைத் தொல்லை. சில யூனிக்ஸ்களில் சிஸ்லாக் புரோகிராம் தன் செய்தியைக் கன்சோலில் எழுத முடியாமல் நிற்கும். அதனிடம் செய்தி கொடுக்க வரும் லாகின், எஸ்யூ, கிரான் எல்லாம் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள், புதிதாக ஒருவரும் நுழைய முடியாது. கன்சோலில் கண்ட்ரோல்-க்யூ அழுத்தியதும் முந்தைய நாள் செய்திகளிலிருந்து கொட்டத் தொடங்கும்.

எஸ்எஸ்எச் காலத்தில் கேபிளின் இடத்தை நெட்வொர்க் எடுத்துக்கொண்டது. நின்ற எஸ்எஸ்எச் திரையிலிருந்து வெளியேற என்டர், அலைக்குறி, புள்ளி. லாகின் நன்றாக நடந்து, சின்ன விடைகள் எல்லாம் வந்து, நீண்ட எல்எஸ் பட்டியல் கேட்டதும் திரை உறைந்தால் பெரிய பாக்கெட்டுகள் வழியில் விழுங்கப்படுகின்றன என்று கொள்ளலாம். 1500 பைட் அனுப்பும் பக்கத்துக்கு, நடுவில் 1492 மட்டுமே கொள்ளும் பாதை ஒன்று இருப்பதைச் சொல்ல வேண்டிய செய்தியை ஏதோ ஒரு ஃபயர்வால் தடுத்திருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் அசைவில்லை என்றால்தான் சர்வர் நின்றதா என்ற கேள்வி. பிங் பதில் சொல்கிறதே என்று ஏமாறக் கூடாது. அதற்குக் கெர்னலே பதில் சொல்லிவிடும், மேலே எல்லாம் செத்திருந்தாலும். பிசி வகைச் சர்வரில் கேப்ஸ் லாக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்ப்பது நல்ல அடையாளம். லினக்ஸில் ஆல்ட், சிஸ்ஆர்க்யூவுடன் எஸ், யூ, பி என்று வரிசையாக அழுத்தினால் நினைவகத்தில் இருப்பது டிஸ்குக்கு இறங்கும், டிஸ்குகள் படிக்க மட்டும் என்று மாறும், பிறகு மெஷின் மறுபடி பூட் ஆகும். சன் மெஷினில் ஸ்டாப்-ஏ, பிறகு சிங்க். பவர் சுவிட்சின் முறை இதற்குப் பின்தான்.

சுவிட்சை அணைக்க நேர்ந்திருந்தால் திரும்ப எழும்போது எஃப்எஸ்சிகே ஓடும். ஜர்னல் இல்லாத பெரிய டிஸ்கில் அது மணிக்கணக்கில் ஓடும். முடிந்ததும் லாஸ்ட்+ஃபவுண்ட் டைரக்டரியைத் திறந்து பார்க்க வேண்டும். பெயரை இழந்த ஃபைல்கள் அங்கே வெறும் எண்களாகக் கிடக்கும். எல்எஸ் -எல் அவற்றின் சொந்தக்காரர் யார் என்று சொல்லும், ஃபைல் கட்டளை உள்ளே என்ன வகை என்று சொல்லும். உரியவரைக் கூப்பிட்டுக் காட்டி, பெயர் கேட்டு, அந்தந்த இடத்தில் திரும்ப வைத்துவிட்டு, அதன்பிறகே மற்றவர்களுக்கு லாகின் திறக்கப்படும்.